பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால்: ஓர் அறையைப் புதுப்பித்த நிகழ்வு ஆய்வு

அக்காவின் வீட்டில் ஓர் அறை. அதில் ஐந்து டிராயர் வைத்த மர அலமாரி ஒன்று, வெள்ளைப் புத்தக ஷெல்ஃப் ஒன்று, ஒரு டீபாய், மெத்தை வைத்த இரண்டு நாற்காலிகள். எல்லாமே பழசு. டிராயரை இழுத்தால் பாதியில் முரண்டு பிடிக்கும். ஷெல்ஃபின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. டீபாயின் மேல் வெள்ளை வளையங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஆடும்.

"புதுசு வாங்கிடலாமா, இல்ல இதையே ஏதாவது பண்ண முடியுமா? ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லுடா" என்று அக்கா கூப்பிட்டாள்.

புது டிராயர் அலமாரி என்ன விலை என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். அந்தத் தொகையில் பாதிக்குள் மொத்த அறையும் முடிய வேண்டும் என்பது அவள் போட்ட கணக்கு. இன்னொரு நிபந்தனையும் உண்டு. அவளுடைய இரண்டு வயது மகன் அந்த அறையில்தான் விளையாடுவான். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயது. அவனுக்கு ஆபத்தான எதையும் அங்கே செய்யக் கூடாது.

ஒன்பது வாரக் கடைசிகள் ஆயின. செலவு அவள் சொன்ன கணக்குக்குச் சற்றுக் கீழேயே நின்றது. ஆனால் அதில் ஏறக்குறைய கால் பங்கு, நாங்கள் செய்த தவறுகளைத் திருத்தப் போனது. திரும்பிப் பார்த்தால் அந்தத் தவறுகளில் முக்கால்வாசி, பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்தவை. குறைந்த செலவில் வீட்டை மாற்றுவது பற்றிப் பேசும்போது எல்லோரும் நிறத்தையும் கைப்பிடியையும்தான் பேசுகிறார்கள். செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதற்கு முந்தைய வேலை. அதனால் இந்த ஆய்வில் அந்தப் பகுதிதான் நீளமாக இருக்கும்.

முதல் சனிக்கிழமை: பார்த்தது மட்டும்

முதல் நாள் எதையும் தேய்க்கவில்லை, பூசவில்லை. ஒரு நோட்டு, அளவு டேப், டார்ச், சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் (பாலிஷ் கரைக்கப் பயன்படும் ஆல்கஹால்), பழைய பனியன் துணி. இவ்வளவுதான் எடுத்துப்போனேன்.

டிராயர் அலமாரி 90 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம். உள்ளே சட்டங்கள் கெட்டி மரம். பக்கங்களிலும் முகப்பிலும் வெனீர், அதாவது தாள் போல மெல்லிய மரப்படலம், ஒட்டியிருந்தது. டிராயர் சிக்குவதற்கு அக்கா சொன்ன காரணம், ஓட்டச் சட்டங்கள் தேய்ந்துவிட்டன, டிராயர் வழுக்கி ஓடுவதற்கான உலோக சேனல் மாட்டினால் சரியாகிவிடும் என்பது. ஐந்து டிராயருக்கு ஐந்து ஜோடி சேனல் வாங்கியிருந்தால் பட்ஜெட்டின் பெரும்பகுதி அதிலேயே கரைந்திருக்கும்.

டிராயர்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அலமாரியின் முகத்தில் மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு 141.5 செ.மீ. வலது மேலிருந்து இடது கீழுக்கு 142.7. செவ்வகம் என்றால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 12 மி.மீ. வித்தியாசம் இருந்தால், இந்த அளவுள்ள அலமாரியில் மேல்பகுதி கிட்டத்தட்ட ஒரு செ.மீ. பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது என்று பொருள். நேரான டிராயர் கோணலான பொந்துக்குள் எப்படி ஓடும்?

சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. முதுகுப் பலகை 3 மி.மீ. ஹார்ட்போர்டு. சுவரின் ஈரம் ஏறிக் கீழ்ப்பக்கம் உப்பி, ஆணிகளை விட்டு விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகுப் பலகையைத் தூசு மறைக்கும் தட்டி என்றே பலரும் நினைக்கிறோம். பெட்டி போன்ற எந்தச் சாமானையும் சாயவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சதுரமாக்கிப் பாருங்கள்; விரலால் தள்ளினாலே சாயும். அதன் மேல் ஓர் அட்டையைச் சுற்றிலும் ஒட்டிவிட்டால் அசையாது. அதே கதைதான் இங்கேயும்.

கீழ் டிராயரின் அடியில் குண்டூசியால் குத்தியதுபோல ஒன்றிரண்டு மி.மீ. வட்டத் துளைகள் தெரிந்தன. மரத்தை உளுத்துப்போகச் செய்யும் வண்டு வெளியேறிய வழி. பழைய துளையா, உள்ளே இன்னும் புழு இருக்கிறதா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரத்தைத் தட்டிப் பழைய தூளை உதிர்த்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்தோம். மாவு மாதிரித் தூள் புதிதாக விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. ஒரு வாரம் பார்த்தோம், விழவில்லை. பூச்சி அடங்கியிருக்கும் காலமும் உண்டு என்பதால் வேலை முடியும்வரை அந்தத் தாளை எடுக்கவில்லை.

அப்புறம் ஸ்பிரிட். மறைவான இடத்தில், ஸ்பிரிட் தொட்ட துணியை அரை நிமிடம் அழுத்தி வைத்தால், மேலே என்ன பூச்சு இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். டீபாயின் அடியில் வைத்த துணி பிசுபிசுவென்று ஒட்டியது. அது அரக்கு பாலிஷ். அரக்குப் பூச்சியின் சுரப்பிலிருந்து வருவது, ஸ்பிரிட்டில் கரையும். அலமாரியில் துணி சுத்தமாக வந்தது. அங்கே இருப்பது ஸ்பிரிட்டுக்கு அசையாத வார்னிஷ். இந்த ஒரு சோதனைதான் பின்னால் டீபாயைக் காப்பாற்றியது.

கடைசியாக நாற்காலிகள். ஒன்றில் பாலிஷ் மட்டும். இன்னொன்றில் அடுக்கடுக்காகப் பெயின்ட், அடியில் உரிந்து தெரிந்த மிகப் பழைய பச்சை. எப்போது அடித்தது என்று யாருக்கும் நினைவில்லை. பழைய எண்ணெய் பெயின்ட்களில் ஈயம் கலப்பது ஒரு காலத்தில் சாதாரணம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்டில் அதைத் தடை செய்ததே 1978-ல்தான். இன்று பல நாடுகளில் உச்ச வரம்பு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. அந்த மாதிரிப் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் தரையெல்லாம் படியும். தவழ்ந்து விளையாடும் பிள்ளையின் கை வழியாக அது நேரே வாய்க்குப் போகும். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. அந்த நாற்காலியைத் துணியால் போர்த்தி அறையைவிட்டே எடுத்தோம். அக்காவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த நாற்காலி. அவளே தூக்கிக்கொண்டு போய் வைத்தாள்.

ஆக மீதி நான்கு சாமான்கள்.

முதுகுப் பலகை

அலமாரியை நிமிர்த்திய விதம் இது. நீளமாக இருந்த மூலைவிட்டத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே தடித்த கயிற்றைச் சுற்றிக் கட்டினோம். மரத்தில் கயிறு பதியாமல் மூலைகளில் அட்டையை மடித்து வைத்தோம். கயிற்றின் நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்க முறுக்க அந்த மூலைவிட்டம் மெதுவாகச் சுருங்கும். அரைச் சுற்று முறுக்குவது, டேப் பிடிப்பது, மறுபடி அரைச் சுற்று. இரண்டு அளவும் 142.1-ல் வந்து நின்றபோது குச்சியை அசையாமல் கட்டிவிட்டு, பழைய பலகையைக் கழற்றி, 6 மி.மீ. பிளைவுட்டைப் பசை போட்டு, 15 செ.மீ.க்கு ஒரு திருகு வீதம் சுற்றிலும் முடுக்கினோம். பலகையின் அடிப்பக்கம் தரையைத் தொடாமல் விட்டோம். ஈரம் இழுத்தால் மறுபடி அதே கதிதான். மறுநாள் கயிற்றை அவிழ்த்துவிட்டு மேல் டிராயரை உள்ளே தள்ளினேன். கையை எடுத்த பிறகும் கொஞ்சம் தூரம் தானாகவே போனது. "சேனலே வேண்டாமா?" என்று அக்கா ஐந்தையும் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஓட்டச் சட்டங்களில் மெழுகுவர்த்தியை நான்கைந்து முறை தேய்த்ததோடு சரி.

மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்த இடம் இதுதான். முடிந்த அறையின் படத்தில் இது தெரியவே தெரியாது.

ஷெல்ஃப்: தோல் போல உரிந்த பெயின்ட்

இரண்டாவது வாரம் ஷெல்ஃப். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு, மேலே பளபளப்பான லேமினேட், பலர் சன்மைக்கா என்று சொல்வது. சுலபமான வேலை என்று நினைத்தோம். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, நேரடியாக எனாமல் இரண்டு கை அடித்தோம். அன்றைக்குப் பார்க்க மிக அழகாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு மூலையில் நகம் பட்டதும் பெயின்ட் எழும்பியது. பிடித்து இழுத்தால், வெந்நீரில் ஊறிய தக்காளித் தோல் போல அகலமாக உரிந்து வந்தது.

பெயின்ட் ஒரு பரப்பில் நிற்பதற்குப் பிடிமானம் வேண்டும். மரத்தில் நுண்ணிய துளைகள் உண்டு, அதில் பெயின்ட் இறங்கிக் கவ்விக்கொள்ளும். லேமினேட்டின் மேல்பரப்பு சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிய மெலமைன் பிசின். துளையும் இல்லை, எதையும் இழுத்துக்கொள்ளவும் செய்யாது. அதன் மேல் வருடக்கணக்காகப் படிந்த கை எண்ணெய் வேறு. பெயின்ட் அங்கே ஒட்டவே இல்லை, மேலே படிந்து மட்டும் கிடந்தது.

முழுவதையும் உரித்து எடுக்க ஒரு நாள் போனது. இரண்டாவது முறை செய்தது இப்படி. பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, நன்றாகப் பிழிந்த துணியால் இரண்டு முறை சோப்பு போகத் துடைத்தோம். 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை மட்டும் தேய்த்தோம். இந்த "மட்டும்" முக்கியம். லேமினேட்டைத் தாண்டிப் போனால் கீழே பார்ட்டிக்கிள் போர்டு. அதில் ஈரம் பட்டால் பிஸ்கட் போல ஊதும், திரும்பச் சுருங்காது. ஓரத்தில் பட்டை பிரிந்திருந்த இடங்களை முதலில் ஒட்டி, அறுந்த இடங்களில் பட்டி பார்த்து மூடினோம். தூளைத் துடைத்ததும், வழுவழுப்பான பரப்புக்கென்றே வரும் ஒட்டுப் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, ஒரு கை. சாதாரண மர பிரைமரை இங்கே அடித்துப் பயனில்லை. டப்பாவின் பின்பக்கத்தில் லேமினேட், ஓடு, கண்ணாடி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் ஷெல்ஃப் முழுக்க அடிக்கவில்லை. அடித்தட்டின் உட்பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் பிரைமரும் பெயின்டும் அடித்து ஒரு வாரம் காயவிட்டு, ஒட்டியிருக்கிறதா என்று சோதித்தோம். பெயின்ட் தொழிலில் இதற்கு ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தர நிர்ணயமே உண்டு. குறுக்குக் கீறல் சோதனை. வீட்டில் செய்வதற்குக் கூரான பிளேடும் ஒட்டு டேப்பும் போதும். 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அதற்குக் குறுக்கே ஆறு கோடு கீற வேண்டும். 25 சின்னக் கட்டங்கள் கிடைக்கும். அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வேகமாக இழுக்க வேண்டும். கட்டங்கள் அப்படியே நின்றால் மேலே போகலாம். எங்களுக்கு ஒரு கட்டத்தின் மூலை மட்டும் சற்றுப் பெயர்ந்தது, அவ்வளவுதான். முதல் முறையே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஒரு டப்பா எனாமல் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் காலையில் வந்த கறை

அலமாரிக்கு அக்கா தேர்ந்தெடுத்தது வெளிர் சாம்பல். வார்னிஷை முழுக்க உரிக்கத் தேவையில்லை. உறுதியாக ஒட்டியிருந்தால் அதுவே நல்ல அடித்தளம். 120, அப்புறம் 180 எண் தாள், மரத்தின் ரேகை ஓடும் திசையில். வெனீர் ஒரு மி.மீ. தடிமன்கூட இருக்காது என்பதால் ஓரங்களில் கையாலேயே தேய்த்தோம், மெஷின் போடவில்லை. தண்ணீர் பிரைமர் ஒரு கை, பெயின்ட் ஒரு கை. மாலையில் பார்த்தபோது குறை ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் இரண்டு டிராயர் முகப்புகளில், தேநீர் சிந்திக் காய்ந்தது போல மஞ்சள் பழுப்புத் திட்டுகள். மூன்றாவது கை அடித்தோம், மறைந்தது. காய்ந்ததும் மறுபடி வந்தது. நான்காவது கையும் அப்படியே. மரத்திலேயே இருக்கும் டானின் என்ற சாயப்பொருள் தண்ணீரில் கரையக்கூடியது. தண்ணீர் கலந்த பிரைமரும் பெயின்டும் அதைக் கரைத்து மேலே இழுத்து வருகின்றன. எத்தனை கை அடித்தாலும் ஒவ்வொரு கையும் இன்னும் கொஞ்சம் இழுத்துவரும். ஓக், மகோகனி, தேக்கு போன்ற மரங்களிலும், எந்த மரமானாலும் முடிச்சு இருக்கும் இடத்திலும் இது அதிகம். வெளிர் நிறம் அடிக்கும்போதுதான் கண்ணுக்குப் படும்.

தீர்வு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பிரைமர். தண்ணீரே இல்லாததால் டானின் அதில் கரைந்து ஏறாது. ஒரே ஒரு கை, முக்கால் மணி நேரம் காயவிடுவது, அதற்கு மேல் பெயின்ட். ஜன்னல்களைத் திறந்து வைத்து, பிள்ளையை அன்று வேறு இடத்தில் விட்டுவிட்டுத்தான் அடித்தோம். ஸ்பிரிட் ஆவி கடுமையானது, தீயும் பிடிக்கும். கறை போனது போனதுதான். வீணான இரண்டு கை பெயின்டின் விலையில் அந்தப் பிரைமரை முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

பிரைமரே வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம் என்று சொல்லி வரும் சாக் பெயின்டை அக்கா கேட்டிருந்தாள். 1990-ல் பிரிட்டனில் ஆனி ஸ்லோன் அறிமுகப்படுத்திய வகை. மேட் பூச்சாக அழகாக உட்காரும், மேலே மெழுகு பூச வேண்டும். ஒட்டும் திறன் நல்லதுதான். ஆனால் டானின் கறை அதையும் தாண்டி வரும். எங்கள் அலமாரிக்கு அது விடையாக இருந்திருக்காது.

மேல்பலகையில் இன்னொரு சின்னத் தொல்லை. பெயின்ட் அடித்த உடனேயே ஆங்காங்கே மீன் கண் மாதிரி வட்டக் குழிகள் விழுந்தன. பல வருடம் ஸ்ப்ரே பாலிஷ் போட்டுத் துடைத்ததில் ஊறிய சிலிகான்தான் காரணம். பெயின்ட் அதைக் கண்டால் விலகி ஓடும். உடனே துடைத்தெடுத்து, டர்பன்டைன் தொட்ட துணியால் ஒவ்வொரு முறையும் புதுத் துணி மாற்றித் துடைத்து, அரக்கு பிரைமர் அடித்ததும் சரியானது.

காய்வது வேறு, இறுகுவது வேறு

ஷெல்ஃப் தொட்டால் கையில் ஒட்டவில்லை என்றதும் மூன்றாம் நாளே புத்தகங்களை அடுக்கிவிட்டாள் அக்கா. இரண்டு வாரம் கழித்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தபோது அட்டையின் கீழ் விளிம்பு தட்டிலேயே தங்கிவிட்டது. தண்ணீர் பெயின்ட் ஒரு மணி நேரத்தில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும்; உள்ளே முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். அதுவரை எடை வைத்தால் ஒட்டிப் பிடிக்கும். அந்தத் தட்டை 220 தாளால் லேசாகத் தேய்த்து இன்னொரு கை அடித்து, ஒரு மாதம் காலியாகவே விட்டோம். புத்தகங்கள் அட்டைப் பெட்டியில் இருந்தன. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது, எனக்கும்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் ஒட்டவில்லை.

ஆடும் நாற்காலி

பாலிஷ் நாற்காலி ஆடியதற்குக் காரணம் பின்கால்களின் மூட்டு. மூட்டுக்கு மேல் எல் வடிவத் தகடு வைத்து முடுக்கலாமா என்று அக்கா கேட்டாள். கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் பசை விட்டுப்போன மூட்டு உள்ளே அசைந்துகொண்டே இருந்தால் திருகு மரத்தைப் பிளக்கும். கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் காகித டேப் ஒட்டி 1-1, 2-2 என்று எண் எழுதினோம். பழைய பசை தேன் நிறத்தில் கண்ணாடிச் சில் போல உடைந்து வந்தது. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பழைய வகைப் பசை. வெந்நீரும் வினிகரும் தொட்ட துணியைச் சுற்றி வைத்தால் இளகும். அதை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுப் பசை. வெள்ளை மரப்பசை மரத்தின் துளைக்குள் இறங்கிப் பிடிப்பது. பழைய பசைப் படலத்தின் மேல் ஊற்றினால் பிடிக்காது. மூட்டைச் சேர்த்து, நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, மறுபடி அதே குச்சி முறுக்கல். இறுகுவதற்கு முன் சமதளத் தரையில் நிறுத்தி நான்கு காலும் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த பிறகு திருத்த முடியாது. 24 மணி நேரம் யாரும் தொடவில்லை.

மெத்தைக்குப் பழைய ஃபோமை எடுத்துவிட்டு, அடர்த்தியான 5 செ.மீ. ஃபோம் வெட்டி வைத்தோம். துணி, பழைய தடித்த திரைச்சீலையிலிருந்து எடுத்தது. ஸ்டேப்ளர் அடிக்கும் வரிசைதான் இங்கே நுணுக்கம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்று, அங்கிருந்து மூலைகளை நோக்கி. ஒரு மூலையில் ஆரம்பித்தால் மறு மூலைக்குப் போவதற்குள் துணியின் வரி கோணிவிடும்.

பெயின்ட் அடிக்காத டீபாய்

டீபாய்க்கும் சாம்பல் நிறமே அடிப்பது என்றுதான் முதல் திட்டம். ஸ்பிரிட் சோதனையில் அரக்கு என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றினோம். வெள்ளை வளையம் என்பது பூச்சுக்குள் சிக்கிய ஈரம், மரம் கெடவில்லை. அரக்கு பாலிஷின் சிறப்பு, புதுப் பூச்சு பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். ஸ்பிரிட்டில் லேசாகத் தொட்டுப் பிழிந்த துணியை நிறுத்தாமல் வளைய வளையத் தடவத் தடவ, வளையம் கண்முன்னே மங்கி மறைந்தது. எங்கேயும் கையை நிறுத்தக் கூடாது. நின்ற இடத்தில் துணி ஒட்டிவிடும். மேலே மெல்லிய அரக்கு இரண்டு கை. ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது, செலவு ஏறக்குறைய இல்லை. நல்ல மரமும் காப்பாற்றக்கூடிய பாலிஷும் இருக்கும் சாமானின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். என் உறுதியான கருத்து இது.

டீபாயின் கீழ்த்தட்டில் பூச்சே தேய்ந்து வெறும் மரமாக இருந்தது. அதற்கு மட்டும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், தடவித் துடைத்தோம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும்; அப்போது சூடு வரும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23-ல் பிலடெல்பியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 22-வது மாடியில் மரப்பலகைகளை மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற, இந்த எண்ணெய் தோய்ந்த துணிகளிலிருந்துதான் அது தொடங்கியது. எங்கள் துணி இரண்டே இரண்டுதான். அவற்றை வெளியே கம்பியில் ஒற்றைப் படலமாக விரித்துப்போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகே தூக்கி எறிந்தோம்.

மற்றவை

கைப்பிடிகளை மாற்ற நினைத்துக் கடைசியில் மாற்றவில்லை. பழைய கைப்பிடியின் இரு திருகுத் துளைகளுக்கு இடையே 76 மி.மீ., அதாவது மூன்று அங்குலம். இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 64, 96, 128 என்று 32-ன் மடங்குகளில் வருபவை. புதியது வாங்கினால் பத்துத் துளைகளை அடைத்துப் புதிதாகப் போட வேண்டும். பழையவற்றைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தோம். உள்ளேயிருந்து பித்தளை வந்தது.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தது போதாது. அறையில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை பல்பு (கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் சார்ந்தும், குறையக் குறைய மஞ்சள் சார்ந்தும் இருக்கும்); அதன் கீழ் அந்தச் சாம்பல் நீலம் கலந்து, உயிரில்லாமல் தெரிந்தது. பெயின்டை மாற்றாமல் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டதும் அக்கா நினைத்த நிறம் வந்தது.

அலமாரியைச் சுவரோடு இரண்டு பட்டைகளால் கட்டினோம். பிள்ளைகள் டிராயர்களைத் திறந்து படியாக ஏறுவார்கள். திறந்த டிராயர்களின் எடையும் ஏறும் பிள்ளையின் எடையும் முன்பக்கம் சேர்ந்தால் அலமாரி கவிழும். அமெரிக்காவில் 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள துணி அலமாரிகளுக்குக் கவிழாத் தன்மைத் தரத்தை 2023 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பழைய சாமானுக்கு அந்தத் தரமெல்லாம் கிடையாது, நாம்தான் கட்ட வேண்டும். பட்டையின் திருகு முதுகுப் பலகையில் இல்லாமல் கெட்டிச் சட்டத்தில் இறங்க வேண்டும். மறுமுனை சுவருக்குள் உறுதியான பிடிப்பில் இருக்க வேண்டும்.

கணக்கு

மொத்தச் செலவை 100 என்று வைத்தால், பெயின்டுக்குப் போனது 15. பிரைமர் இரண்டு வகைக்கும் 16. பிளைவுட், திருகு, பசை 18. ஃபோம் 12. உப்புத்தாள், டேப், பட்டி எல்லாம் 9, பல்பும் சுவர்ப் பட்டைகளும் 6. மீதி 24, உரித்தெடுத்த எனாமலும் கறையில் வீணான பெயின்டும். நேரம் மொத்தம் 70 மணி. பார்ப்பது, கழுவுவது, தேய்ப்பது, ஒட்டுவது 41 மணி. பெயின்ட் அடித்தது வெறும் 11. செய்ததையே திரும்பச் செய்தது 18.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. டிராயர்கள் இன்றும் தானாக ஓடுகின்றன. போன மாதம் மூலைக்கு மூலை அளந்தேன், இரண்டும் 142.1-தான். கறை திரும்பவில்லை. ஷெல்ஃபின் முன் விளிம்பில் பொம்மை வண்டி மோதி நான்கு இடத்தில் சில்லு போயிருக்கிறது. மிஞ்சிய பெயின்டை ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மேலே நிற எண்ணும் தேதியும் எழுதி வைத்திருக்கிறோம். அக்காவே மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு அந்த இடங்களை மூடிவிட்டாள். பச்சை நாற்காலி மட்டும் இன்னும் துணி போர்த்தியபடிதான் இருக்கிறது. உரிந்த பெயின்டில் ஒரு துணுக்கைக் கவரில் போட்டு ஈயப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வந்த பிறகுதான் அதன் மேல் கை வைப்போம்.